நோட்டில் ஒரு சன்னல்

எத்தனை முறை பார்த்தாலும் இரண்டு நோட்டும் ஒன்றாகவே இருந்தன.

அதே ஆமை. அதே தென்னை. அதே வங்கி ஆளுநர் கையெழுத்து. மூலையில் அதே சின்னச் சன்னல்; மை படாமல், அந்தப் பக்கம் தெரியும்படி விடப்பட்ட வெற்றுப் பிளாஸ்டிக்.

ஒன்று அவருடைய ஆல்பத்தில் நெடுநாளாக இருப்பது. மற்றது இன்று காலை தபாலில் வந்தது.

உறைமேல் கிளாட்வினின் எழுத்து. உள்ளே நோட்டு மட்டும்.

மகன் எப்போதும் அப்படித்தான். கப்பல் நிற்கிற ஊரிலிருந்தெல்லாம் அப்பாவின் சேகரிப்புக்கு ஒரு நோட்டு வரும். ஒரு வரி எழுத மாட்டான்.

அவன் காணாமல் போய் இரண்டு வருடம். கடலில் தவறி விழுந்திருக்கலாம் என்றது கப்பல் கம்பெனி. உடல் கிடைக்கவில்லை.

உறையை அவன் எப்போது தபாலில் போட்டான்? முத்திரை மழையில் ஊறி நீலக் கறையாகியிருந்தது.

நோட்டுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தீவு நாடு இந்த நோட்டை முதலில் ஓர் ஆலையின் பிளாஸ்டிக்கில் அச்சடித்தது. போன வருடம் வேறோர் ஆலையின் பிளாஸ்டிக்குக்கு மாறியது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

புதியது என்றால், போன வருடமாவது அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

பழையது என்றால், உறை ஏதோ ஒரு தபால் மூட்டைக்கு அடியில் இத்தனை நாள் கிடந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இதை மனைவியிடம் அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். அவள் மணப்பாட்டில் இருக்கும் தங்கைக்கு அப்போதே போன் போட்டுவிட்டாள். அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் கேட்காத குரல்.

விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒரே வழவழப்பு.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். நீல விளக்கில் பார்த்தார். மடித்து விட்டார், இரண்டும் ஒன்றுபோல் நிமிர்ந்தன.

கடைசியில் மதுரை வேலாயுதத்தைப் போனில் கூப்பிட்டார். அவரும் நோட்டு சேர்ப்பவர். உறையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டையும் பிரித்தறியும் வழியைச் சொல்லிவிட்டு வேலாயுதம் சிரித்தார். “புதுசுன்னா எனக்கு ஒண்ணு தள்ளிவிடுங்க அண்ணாச்சி. பழசு எங்கிட்டயே சீட்டுக்கட்டு மாதிரி கெடக்கு. விசிறிக்கிடலாம்.”

வழி அழகானது. வேறொரு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

பழைய ஆலை, உருகிய பிளாஸ்டிக்கைப் பலூன்போல ஊதி மெல்லிசாக்குகிறது. பலூன் எல்லாப் பக்கமும் ஒரே அளவு விரியும். புதிய ஆலை ஊதுவதில்லை; இழுக்கிறது. முதலில் நீளவாக்கில். பிறகு அகலவாக்கில், அதைவிட வலுவாக.

எந்தப் பக்கம் அதிகம் இழுபட்டது என்பது பிளாஸ்டிக்கில் தங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாது. ஒளிக்குத் தெரியும்.

கைபேசித் திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்வது. கடலில் கண் கூசாமலிருக்கப் போடும் கறுப்புக் கண்ணாடி, ஒரு திசை அதிர்வை மட்டுமே உள்ளே விடும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் திரை எப்போதும்போலத் தெரியும். குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் அணைந்ததுபோல் இருண்டுவிடும். அந்த இருட்டின் நடுவில் நோட்டின் சன்னலைப் பிடிக்க வேண்டும். இழுபட்ட பிளாஸ்டிக் ஒளியின் திசையைத் திருப்பிவிடும். சன்னல் பளிச்சென்று ஒளிரும். ஊதிய பிளாஸ்டிக் எதையும் திருப்பாது. இருட்டு இருட்டாகவே நிற்கும்.

கறுப்புக் கண்ணாடி கிளாட்வினுடையது. மாட்டிக்கொண்டார்.

முதலில் மக்ரூன் பாக்கெட்டின் பிளாஸ்டிக் மேலுறை. அதுவும் இழுத்துச் செய்ததுதான். இருட்டில் வெள்ளையும் மஞ்சளுமாக எரிந்தது.

வழி சரிதான்.

ஆல்பத்து நோட்டு. இருட்டு.

காலையில் வந்த நோட்டு.

மெதுவாகச் சுற்றினார். ஒரு முழுச் சுற்று. நோட்டின் கோணம் தப்பியிருக்கலாம் என்று இன்னொரு சுற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும்.

எந்தக் கோணத்திலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

“என்னங்க, பாத்தாச்சா?”

முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள். கறுப்புக் கண்ணாடி மறைத்துவிட்டது.

“குடுங்க, நானும் பாக்கேன்.”

அவளே கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்தாள். நோட்டு கைபேசியை மூடியிருந்தது. சன்னல் வழியாக மட்டுமே திரையைப் பார்க்க முடியும்.

“வெளிச்சம் தெரிஞ்சா நம்ம பய இருக்கான்னுதான சொன்னீங்க?”

“ம்.”

“ஒண்ணுந் தெரியலையே. இருட்டாத்தான இருக்கு.”

அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன.

“கொஞ்சம் பொறு.”

வலது கையில் நோட்டு அசையாமல் இருந்தது. இடது கையை அதன் அடியில் கொடுத்தார்.

கைபேசியைக் கால்வட்டம் திருப்பினால் போதும். எந்த நோட்டும் ஒளிரும்.