சாய்ந்த துளை

குடித்த ஒயினைப் பற்றிப் பேசுகிறவர் அதன் தக்கையையும் சுற்றுக்கு விடவேண்டும் என்பது அந்த நண்பர் குழுவின் வழக்கம். அன்று அவர்கள் கூடியது பெனடிக்டின் வீட்டில். “பிளம்ஸ் வாசம், கடைசில லேசாப் புகையிலை. என் ரூம்ல தனியாத்தான் குடிச்சேன் சார்” என்றான் சத்தியசீலன். தக்கையைத் திருப்பிப் பார்த்த பெனடிக்டுக்குச் சுருக்கென்றது. துளை கோணலாக இறங்கிப் பக்கவாட்டில் வெளிவந்திருந்தது. அவர் வீட்டு ஓப்பனரின் திருகு வளைந்துபோயிருந்தது. இடப்பக்கம் சாய்த்தால்தான் இறங்கும், இப்படித்தான் துளைக்கும். அந்த ஓப்பனரையும் புதுப் பாட்டிலையும் அவனிடம் நீட்டினார். “தம்பி, முதல் தடவையா எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க. நீங்களே தொறங்க.” சத்தியசீலன் பேச்சை நிறுத்தாமலே ஓப்பனரை இடப்பக்கம் சாய்த்தான். முந்திரித் தட்டுடன் வந்த பெனடிக்டின் மனைவி ரெஜினா, யாரும் கேட்காமலே குனிந்து, பாட்டில் ஆடாதபடி அதன் அடியைப் பிடித்துக்கொண்டாள்.