ஒரு சாண் நூல்

வேலைவாய்ப்பு அலுவலகத்து வரைபடப் பலகை மேல் காலை வெயில் சாய்வாக விழுகிறது. மாதம் பிறந்தால் போதும், புள்ளிவிவரக்காரர் ஸ்டூலில் ஏறி, போன மாதம் வட்டாரத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதற்கு ஒரு குண்டூசி குத்தி, சிவப்பு நூலை அதுவரை இழுத்துச் சுற்றுவார். வரிசையில் நிற்கும் தையல்காரி அந்த நூல் மாதாமாதம் இறங்கியதையே பார்த்துச் சலித்தவள். இன்று அவர் கை பழைய குண்டூசியைத் தாண்டி மேலே போகிறது. இன்னும் மேலே. பலகையின் மேல் விளிம்புக்கே போய்க் குத்திவிட்டு நூலை இழுக்கிறார். ஒரு சாண் குறைகிறது. அவரிடம் வேறு நூல் இல்லை. "எட்டலையே," என்று முனகுகிறார். "இறங்கியே பழகின நூல் சார், அது என்ன பண்ணும்?" என்கிறார் வரிசையில் நிற்கும் ஒரு வெல்டர். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவுகிறது. தையல்காரி, வேலை கேட்டுப் போகிற இடத்தில் தைத்துக் காட்டச் சொன்னால் ஆகுமென்று பையில் வைத்திருந்த சிவப்பு நூல்கண்டை எடுத்து நீட்டுகிறாள். அவர் முடிச்சுப் போடுகிறார், உச்சிக் குண்டூசியில் சுற்றுகிறார், கத்தரியைத் தேடுகிறார்.

"வெட்டாதீங்க சார்," என்கிறாள் அவள். "கண்டு அங்கயே தொங்கட்டும். அடுத்த மாசத்துக்கும் வேணும்ல."