வெள்ளை எழுத்து

"என்னய்யா இது? சத்தமா படி!"

முதலாளி கணினித் திரையைத் திருப்பினார். தண்ணீர் மோட்டார்களுக்குக் கையேடு எழுதும் அவன் தட்டுத்தடுமாறிப் படித்தான்.

"மோட்டார் விட்டு விட்டு ஓடினால் மெக்கானிக்கை அழைக்கவும். நீ எதிரே வந்தால் என் நெஞ்சும் அப்படித்தான் ஓடுகிறது. என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?"

"இதைப் படிச்சுட்டா ஜனங்க மோட்டாரை ரிப்பேர் பண்ணணும்?"

"சார்... அது வெள்ளை எழுத்து சார்."

"கறுப்பாத்தானே இருக்கு? என் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

மோட்டாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு, அதே ஆபீஸில் வேலை பார்க்கும் அவளிடம் நேரில் பேச வாய் வராது. அதனால் வேர்டில் ஒவ்வொரு கையேட்டின் அடியிலும், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி எழுதி வைப்பான். அதை இணையப் பக்கமாக மாற்றும் அவள் கண்ணில் என்றாவது பட்டுவிடாதா என்று ஒரு நப்பாசை. இதுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று வேலையும் போகப்போகிறது, அவள் முன்னால் மானமும் போகப்போகிறது.

முதலாளி அவளையும் கூப்பிட்டார். "ஏம்மா, எனக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நீ பார்க்க மாட்டியா?"

"வேர்டுலேருந்து மாத்தும்போது கலர், கட்டம் எல்லாம் போயிடும் சார். எந்த எழுத்தா இருந்தாலும் கறுப்பாதான் வரும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே சார்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அப்போ... இதுக்கு முன்னாடி நான் எழுதினதெல்லாம்?"

"ஒண்ணு விடாம படிச்சேன். படிச்சுட்டு அழிச்சுட்டுத்தான் சாருக்குக் காட்டுவேன்."

"அப்புறம் இதை மட்டும் ஏன் அழிக்கலை?" முதலாளி மேஜையைத் தட்டினார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மட்டும் மறைக்க முடியவில்லை.

"இதுக்கு நான் மட்டும் சரின்னு சொன்னா போதாதே, அப்பா!"

முதலாளி மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையில் இருந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"ஆபீஸ்ல என்னை 'சார்'னுதான் கூப்பிடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று மகளை அதட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, மாப்பிள்ளை!"