எட்டாவது புகார்

மார்ச் 11, செவ்வாய், காலை 10.20. மருத்துவமனையின் இரண்டாம் மாடி, கணினிப் பிரிவு. ஒரே ஆளிடமிருந்து எட்டாவது புகார் வந்தது.

'அடையாளச் சரிபார்ப்புக்குப் போய்த் திரும்பினால் உங்கள் இணையதளம் என்னை வெளியே தள்ளிவிடுகிறது. கையெழுத்துப் போட முடியவில்லை.'

எழுதியவர், தன் அக்காவுக்குச் சிறுநீரகம் தர முன்வந்த தம்பி. வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒப்புதல் தர வேண்டும். தனியாக இருந்து, தன் கணக்கில் நுழைந்து, தானே. காகிதத்தில் போட்டால் செல்லாது. தவறினால் அறுவைச் சிகிச்சை ரத்து.

"என்னங்க, நீங்க கட்டின பாலம் மறுபடி புட்டுக்கிச்சு போல," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

புரோகிராமர் புகாரை மறுபடி படித்தாள்.

கையெழுத்திட வருபவரைத் தளம் வேறொரு தளத்துக்கு அனுப்பி, அடையாளம் சரிபார்த்து, திரும்ப அழைத்துக்கொள்ளும். போய்வருவதற்குள் ஆள் யாரென்று மறந்துவிடக் கூடாது. அந்தப் 'பாலத்துக்கான' நிரலை இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவள் அவள்.

மூன்று பிரவுசர்களில் தானே போய்வந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

சர்வர் பதிவுகளைத் திறந்தாள்.

தம்பி போயிருக்கிறார். திரும்பியிருக்கிறார். தளம் மறக்கவில்லை. கையெழுத்துப் பக்கம் அவர் பெயரோடு திறந்திருக்கிறது.

நான்கு நிமிடம் எந்த அசைவும் இல்லை. பிறகு 'வெளியேறு' பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது.

எட்டு முறையும் அதுதான். கடைசி முறை மட்டும் பதினொரு நிமிடம்.

தொலைபேசி ஒலித்தது. கீழ்மாடியில் டயாலிசிஸுக்குப் படுத்திருந்த, அந்தத் தம்பியின் அக்கா பேசினார்.

"மேடம், வீட்ல எல்லாரும் அவனைக் கரிச்சுக் கொட்டுறாங்க. கம்ப்யூட்டரைச் சாக்கு சொல்றான்னு அம்மா தினம் ஒரு பாட்டு."

"இப்பதாங்க பதிவையெல்லாம் பார்த்தேன். அதுல..."

"சொல்லாதீங்க. அவனை எனக்குத் தெரியாதா? தடுப்பூசிக்கே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சவன்." லேசாகச் சிரித்தார். "யார் கேட்டாலும் கோளாறு உங்க பக்கம்தான்னு சொல்லிடுங்க. அவன்கிட்டயும்."

அவள் சரி என்றாள்.

புகாரை மூடும் பக்கத்தில், பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை இட்டாள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'தவறு நிரலில் உள்ளது. வெள்ளிக்குள் சரிசெய்ய இயலாது.'