வட்டத்துக்குள் நாலு மணி

"சீட்டை நான் எடுக்க மாட்டேன் டாக்டர். நீங்கதான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி தாள்ல நடுவுல ஒரு வட்டம் போடுங்க" என்றாள் சீட்டுக்காரம்மா.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா."

"வட்டத்துலகூடவா கிடையாது?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்தார். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் அந்த அறைக்குள் வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "இத்தோட நாலு பெருமூச்சு ஆச்சு. என்ன விஷயம்?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், மனைவியிடம்கூடச் சொல்லாததை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொட்டிவிட்டார்.

இருபத்தெட்டு வருஷமாக ஆபரேஷன் செய்யும் கை. போன மாதம் ஒருநாள், பாதி ஆபரேஷனில் நடுங்கிவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸுக்குக்கூடத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியுமே! அன்றிலிருந்து முதுகுவலி, மீட்டிங் என்று ஏதாவது சாக்குச் சொல்லி எல்லாவற்றையும் ஜூனியர் தலையில் கட்டிவருகிறார். இன்று நாலு மணிக்கு ஒன்று இருக்கிறது. இதையும் கைகழுவிவிட்டால் இனி ஜென்மத்துக்கும் கத்தியைத் தொட மாட்டோம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வட்டத்துக்குள் 'நாலு மணி' என்று எழுதினார்.

"இப்போ அதுலேருந்து கிளை இழுங்க. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பேரு, ஒரு சீட்டு. எங்க பொண்ணு ஆபீஸ்ல இப்படிப் படம் போட்டுத்தான் யோசிப்பாங்களாம். மைண்ட் மேப்பாம். நான் அதுல குறி பார்க்கிற என் டாரட் சீட்டைச் சேர்த்துக்கிட்டேன். வெறும் சீட்டுன்னா ஜனங்க பயப்படறாங்க. வெறும் படம்னா தூங்கிடறாங்க."

முதல் கிளைக்கு 'ஜூனியர்' என்று பெயர் வைத்து, அவள் விசிறிபோல் நீட்டிய சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

"என்ன வந்திருக்கு? சொல்லுங்க."

"ஒரு பையன். மலை விளிம்புல நிக்கிறான். அடுத்த அடி பள்ளம். ஆனா அண்ணாந்து வானத்தைப் பார்த்துட்டிருக்கான்."

"இவர்கிட்டயா ஒப்படைக்கப் போறீங்க?"

"சேச்சே, அவன் கெட்டிக்காரன்மா. கொஞ்சம் அனுபவம் பத்தாது, அவ்வளவுதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. அடுத்தது, நோயாளின்னு ஒரு கிளை."

"அது எதுக்கும்மா?"

"நோயாளி இல்லாமலா ஆபரேஷன் பண்ணுவீங்க?"

டாக்டர் கொஞ்சம் நெளிந்தார். எழுதினார். சீட்டை எடுத்தார். "ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. ஒரு கையில தராசு, இன்னொரு கையில வாள்."

"அடேயப்பா! எடை போட்டுப் பார்க்காம எதையும் வாங்காத பார்ட்டி. ஜாக்கிரதையா இருங்க." அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "சரி, இப்போ முக்கியமான கிளை. கை."

இந்தச் சீட்டை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. "கறுப்புப் போர்வை போட்ட ஒருத்தர். முன்னாடி மூணு கோப்பை கவுந்து கிடக்கு. தலையைக் குனிஞ்சு அதையே பார்த்துட்டிருக்கார். இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"நான் சொன்னா அது என் கவலைக்கு அர்த்தம். அவரைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"பாவம், பசியா இருக்கும்னு தோணுது. எல்லாம் கவுந்து போச்சே…"

சொன்னவர் அப்படியே நிறுத்தினார். பேனா தாளின் மேலேயே நின்றது.

"என்ன டாக்டர்?"

"அன்னிக்கு நான் சாப்பிடவே இல்லம்மா."

"என்னிக்கு?"

"கை நடுங்கின அன்னிக்கு. காலையில ஒரு காபி. அப்புறம் வரிசையா ஒன்பது பேர். அது ஒன்பதாவது. மூணரை மணி. தண்ணிகூடக் குடிக்கலை!" அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "நான் என்னடான்னா வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி, கதை முடிஞ்சுதுன்னு ஒரு மாசமா…"

"கோடு போடுங்க. கையிலேருந்து சாப்பாட்டுக்கு."

பெரிதாகப் போட்டார். தாள் கிழியாத குறை.

"இன்னிக்குச் சாப்பிட்டாச்சா?"

"வயிறு முட்ட!"

"எங்க, கையை நீட்டுங்க."

நீட்டினார். அவள் அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, துணிக்கடையில் நூல் தரம் பார்ப்பவள்போல ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒரு நிமிஷம் அசையாமல் வைத்திருந்தாள். விரல்களும் அசையவில்லை.

"கல்லு மாதிரி இருக்கு டாக்டர்."

அவர் எழுந்து ஜூனியருக்கு போன் போட்டார். "தம்பி, நாலு மணி கேஸ் உனக்கு வேண்டாம். நானே பண்றேன். முதுகா? முதுகுக்கு என்ன, ஜோரா இருக்கு." போனை வைத்ததும், ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா!"

அதைச் சொன்னது அவரில்லை. சீட்டுக்காரம்மா.

"நீங்க உள்ளே வந்ததுலேருந்து திக்குதிக்குன்னு இருந்துது டாக்டர், எனக்குச் சின்ன டாக்டர்தான் பண்ணுவார்னு சொல்லத்தான் வந்திருக்கீங்களோன்னு" என்றபடி கட்டிலில் சாய்ந்து, இரண்டு வருஷமாக ராஜா சீட்டுக்கும் ராணி சீட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் புரை மூடிக் கிடக்கும் தன் வலது கண்ணை, சொட்டு மருந்துக்காக அவரிடம் அகலத் திறந்து காட்டினாள்.