காகத்தின் மெல்லிய கால்

மார்ச் 12, புதன். ஒரு சின்னப் பிழை: டிவி கார்ட்டூனுக்கு வரைந்த காகத்தின் ஈர்க்குக் காலைத் தடிப்பாக்காமல், ஹம்சிகா அப்படியே பொம்மை வார்க்கும் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள்.

அந்தக் காகம் இப்போது கொட்டாஞ்சேனையில், இராசரத்தினத்தின் பொம்மைக் கடை மேசையில் நிற்கிறது. அவர் பொம்மைகளை மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்டால்தான், அந்தக் காசில் அவளும் நண்பர்களும் செய்யும் கார்ட்டூன் தொடரும். “என்ர மகள்தான் சோதினை அதிகாரி,” என்று சிரித்தபடி, அவர் பொம்மையை நான்கு வயது மகளிடம் நீட்டுகிறார். மேலே மின்விசிறி கடகடக்கிறது. தெருவில் ஒரு பஸ் ஹோர்னை நிறுத்தாமல் அடிக்கிறது. சிறுமி காகத்தின் தலையைக் கடித்துப் பார்க்கிறாள், நிறம் போகவில்லை. தரையில் போடுகிறாள், சொண்டு உடையவில்லை. ஹம்சிகாவுக்கு மூச்சு வருகிறது. அதற்குள் சிறுமி காலைப் பிடித்து வளைக்க, கறுப்புப் பிளாஸ்டிக்கில் மெல்லிய வெள்ளைக் கோடொன்று விழுகிறது.

“காலை விடுங்கோ, தங்கச்சி. காகம் பாவம்.”

“டிவியில ஒற்றைக் காலில சுத்துது தானே அக்கா?”

சுற்றுகிறாள். டக்கென்று கால் கையோடு வருகிறது.

இராசரத்தினத்தின் சிரிப்பு நின்றுவிடுகிறது. “படம் நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா வாங்கின அண்டைக்கே கால் உடைஞ்சா தாய்மார் என்னைப் பேசுவினம். பிள்ளையள் பிறகு உங்கட படத்தையும் பாராதுகள்.”

“கால் என்ர பிழை ஐயா. தடிப்பாக்கிக் கொண்டு வாறன்.”

அவர் உடைந்த காலை மகளின் கையிலிருந்து வாங்குகிறார். மகளைப் பார்க்கிறார். “இன்னும் ஒருக்கா இவளிட்டக் குடுத்துப் பாப்பம். அதுக்குப் பிறகு இல்லை.”

நாளைய வேலை: காகத்தின் காலைத் தடிப்பாக வரைவது, முதலில் பட்டறைக்கு, பிறகு பொம்மையோடு பொருந்தப் படத்திலும்.