முன் பெட்டி

"சிவப்பக் காட்டாதீங்க காக்கா! சுடுவானுகள்!" என்று அண்ணன் முறை வைத்துக் கத்திக்கொண்டே போர்ட்டர் வேலப்போடி பிளாட்பாரத்தில் ஓடி வந்தார்.

ஸைனுலாப்தீன் கேட்கவில்லை. விற்கக் கொண்டுவந்த மருதமுனைக் கைத்தறிச் சேலைகளில் சிவப்பு ஒன்றை மூட்டையிலிருந்து உருவி, வருகிற ரயிலைப் பார்த்து வீசிக்கொண்டு நின்றான்.

பூட்டிக் கிடந்த டிக்கெட் அறைச் சுவரோடு அவன் மனைவி ஸம்ஸியா ஒட்டி நின்றாள். தோளில் இரண்டு வயது மகள் றாபியா. காய்ச்சல் முற்றி விடியற்காலையில் ஒரு தரம் ஜன்னி கண்டுவிட்டது. இன்னொரு தரம் வந்தால் பிள்ளை தாங்காது என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் கையை விரித்துவிட்டார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

ஹர்த்தால். ரோட்டில் ஒரு பஸ்ஸும் இல்லை. இருந்தது இந்த ரயில்தான், அதுவும் இங்கே நிற்காது.

ஒரு காலத்தில் நின்றது. வெள்ளைக்காரன் கட்டிய சின்ன ஸ்டேஷன். கந்தோர் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூட வாத்திமாரும் காலையில் ஏறிப் பின்னேரம் வந்து இறங்குவார்கள். நெல் மூட்டைகளும் மீன் பெட்டிகளும் ஏறும். நாடு குழம்பிய பிறகு இங்கே நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலப்போடியை மட்டும் காவலுக்கு விட்டிருந்தார்கள்.

ஸம்ஸியாவின் அக்கா வீட்டுக்கு வந்திருந்த மருதமுனைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர்கள் பக்கம் ரயிலே கிடையாது. தெரிந்தது பஸ்தான். கை காட்டினால் நிற்கும். நிற்காவிட்டால் எதையாவது வீசிக் காட்ட வேண்டும்.

ரயிலும் நின்றது.

நின்றதும் சீருடைக்காரர்கள் குதித்து இறங்கினார்கள். அத்தனை துவக்குகளும் ஸைனுலாப்தீனின் நெஞ்சைப் பார்த்தன. அவன் கையிலிருந்து சேலை விழுந்தது. ஸம்ஸியா பயத்தில் கலிமாவைச் சொல்லப் பார்த்தாள். பாதிக்கு மேல் நாக்கு புரளவில்லை.

"பேபி... ஹொஸ்பிட்டல்..." என்றான் ஸைனுலாப்தீன். அந்த இரண்டு சொல்லைத் தவிர அவனிடம் வேறு பாஷை இல்லை.

அதிகாரி மூட்டையைக் காலால் கிளறினான். பிறகு வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டான். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். தாயைப் பார்த்து, ஏறு என்று தலையை அசைத்தான். ஸைனுலாப்தீன் பின்னால் ஏறப் போனபோது தடுத்து, முன்பக்கத்தைக் காட்டினான்.

இயந்திரத்துக்கும் முன்னால், கூரையும் சுவரும் இல்லாத தட்டையான பெட்டி ஒன்று கொளுவியிருந்தது. அதில் யாருமே இல்லை.

வேலப்போடி தலையைக் குனிந்துகொண்டு சேலையைப் பொறுக்கினார்.

உள்ளே, தினமும் அந்த ரயிலில் கந்தோருக்குப் போய்வரும் சிவக்கொழுந்து நகர்ந்து யன்னலோரத்தில் இடம் விட்டார்.

"அவர மட்டும் ஏன் முன்னுக்கு அனுப்புறாங்க?" என்று ஸம்ஸியா கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தண்டவாளத்துக்குக் கீழ கண்ணிவெடி வெச்சிருந்தா முதல் போறது அந்தப் பெட்டிதான், தங்கச்சி. சிவப்பக் காட்டினவரு, வெச்ச ஆக்கள்ள ஒருத்தரா இருப்பாரெண்டு இவனுகளுக்குச் சந்தேகம். வாயத் திறந்திராதீங்க. உங்களையும் இறக்கிப் போட்டுட்டுப் போயிருவானுகள்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்குள் ஸைனுலாப்தீன் மூட்டையோடு யன்னலுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் வியர்வை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல மனிசன் புள்ள அந்த ஒபிசர்! முன் பெட்டி முழுக்க நமக்குத்தான். நம்மட பஸ்ஸில மௌலவிமாருக்குத்தானே முன் சீட்டு குடுப்பானுகள்! நீயும் இறங்கி வா. றாபியாக்கு நல்ல காத்துப் படட்டும்."

பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினான்.

ஸம்ஸியா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. சொன்னால் அவன் ஏறமாட்டான். அவன் ஏறாவிட்டால் இந்த ரயிலில் பிள்ளையும் போகாது.

விசில் ஊதியது.

"இஞ்சயும் காத்து வருதுதான்," என்றாள். "நீங்க போங்க."